நியாஹாவும் அழுகையும்

மரணம் நேர்ந்த வீட்டில் ஒரு தாய் தன் மகனை நினைத்துத் தேம்பும்போது, ஆறுதல் சொல்ல வந்தவர்களில் ஒருவர் அருகே குனிந்து, "அழாதீங்க உம்மா, நீங்க அழுதா மய்யித்துக்கு வேதனை" என்று சொல்வதை நம் ஊர்களில் கேளாதவர் இரார். சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். மார்க்கம் விலக்கிய ஒன்றைத் தடுத்துவிட்டோம் என்ற நிறைவும் அவருக்கு உண்டு. ஆனால் அந்தத் தாயின் நிலை யாது? மகனை இழந்த துயரத்தின் மேல், தன் கண்ணீரே அவனுக்குக் கப்ரில் தண்டனையாகிறதோ என்னும் அச்சமும் ஏறிக்கொள்கிறது. இந்த இரண்டாம் சுமையை அவள் தலையில் ஏற்றியது திருமறையா, நபிமொழியா, அன்றி ஓர் அரபுச் சொல்லை நாம் தமிழில் பெயர்த்துக்கொண்ட விதமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்தச் சொல் 'நியாஹா'. நம்மிடையே வழங்கும் மார்க்க விளக்கங்களில் இது ஓரிடத்தில் 'ஒப்பாரி' என்றும், ஓரிடத்தில் 'புலம்பல்' என்றும், வேறோரிடத்தில் வெறுமனே 'அழுகை' என்றும் பெயர்க்கப்படுகிறது. மூன்றையும் ஒன்றாகக் கொள்வதனால் வரும் கேடு சிறிதன்று. ஆகவே சொல்லின் வேரிலிருந்தே தொடங்குவோம்.

அரபு மொழியின் பேரகராதியாகிய 'லிஸானுல் அரப்' நூலின் ஆசிரியர் இப்னு மன்ளூர் (மறைவு ஹிஜ்ரி 711, கி.பி. 1311), 'தனாவுஹ்' என்றால் ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்றல் என்று பொருள் கூறுகிறார். இரண்டு மலைகள் எதிரெதிரே நின்றால் அவற்றையும் இச்சொல்லாலேயே அரபியர் குறிப்பர். இழவு வீட்டில் பெண்கள் எதிரும் புதிருமாக நின்று, ஒருத்தி எடுக்க மற்றொருத்தி தொடுக்க ஓலமிட்டதனால் அவர்கள் 'நவாயிஹ்' எனப்பட்டனர் என்பது அவர் தரும் விளக்கம். புறா குனுகுவதையும் இதே வேரால் சொல்வதுண்டு. ஒரு புறா குரல் கொடுக்க மறு கிளையில் மற்றொன்று மறுமொழி தருவதைக் கேட்டவர்களுக்கு இப்பொருத்தம் விளங்கும். நபி நூஹ் (அலை) அவர்களுக்கு அப்பெயர் வந்தது அவர்கள் மிகுதியாக அழுது புலம்பியதால்தான் என்று சிலர் கூறுவர். அது அரபல்லாத பழம்பெயர், அதற்கு அரபு வேர் தேடுவது வீண் என்பாரும் உளர். பின்னவர் கூற்றே நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

ஆக, நியாஹா என்னும் சொல்லின் அடியில் கண்ணீர் இல்லை. எதிர்நின்று குரல் கொடுக்கும் ஒரு கூட்டமே இருக்கிறது. அழுகைக்கு அரபியில் வேறு சொல் உண்டு. அது 'புகா'. திருக்குர்ஆனில் இந்தப் 'புகா' வரும் இடங்களைப் புரட்டிப் பார்த்தால், இறைவசனங்களைக் கேட்டு அழுதவாறு ஸுஜூதில் விழுவோர் (17:109, 19:58) போற்றப்படுவதைக் காண்கிறோம். தபூக் பயணத்துக்கு வாகனம் கிடைக்காமல் கண்களில் நீர் வழியத் திரும்பிச் சென்ற தோழர்களும் (9:92) குற்றமற்றோராகவே குறிக்கப்படுகின்றனர். நியாஹா என்னும் சொல்லோ திருமறையில் ஓரிடத்திலும் இல்லை. அந்த வேரிலிருந்து வருவது போல் தோன்றுவது நூஹ் நபியின் திருப்பெயர் ஒன்றே. நியாஹாவின் விலக்கு நபிமொழியின் வழியே நமக்கு வந்தது. அதனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும், அவர்களுடைய சொல்லைக் கேட்ட மக்களும் அச்சொல்லால் எதை உணர்ந்தார்கள் என்று பார்ப்பதே முறை.

இங்கே நம் தமிழையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். இன்று வாய்விட்டு அரற்றுதலைக் குறிக்கும் 'புலம்பு' என்னும் சொல்லுக்குத் தொல்காப்பியத்தின் உரியியல் தரும் பொருள் தனிமை என்பது. துணையை இழந்து தனித்திருக்கும் நிலைக்குப் பெயராயிருந்த சொல், அந்நிலையில் எழும் குரலுக்கும் பெயராயிற்று. அரபியர் சொல்லோ கூட்டத்திலிருந்து பிறந்தது. எனவே நியாஹாவைப் புலம்பல் என்று பெயர்ப்பது, இரு திசையில் போகும் இரு சொற்களை ஒரு நுகத்தில் பூட்டுவதாகும். 'ஒப்பாரி'தான் அதற்கு அணுக்கமானது. ஒப்பு என்னும் அடியிலிருந்து, இறந்தவரை இதற்கும் அதற்கும் ஒப்பிட்டுச் சொல்லி அழுவதால் ஒப்பாரி ஆயிற்று என்று பலர் விளக்குவர். கூடி அமர்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பற்றி, ஒருத்தி சொல்ல மற்றவர்கள் ஏற்றுப் பாடும் அந்த முறையைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கண்டவர்களுக்கு இப்னு மன்ளூரின் விளக்கம் புதிதாகத் தோன்றாது.

அறியாமைக் காலம் எனப்படும் ஜாஹிலிய்யாக் காலத்து அரபு நாட்டில் இந்த ஓலம் ஒரு தொழிலாகவும், கடமையாகவும், பெருமையாகவும் இருந்தது. இறப்பவன் உயிரோடிருக்கும்போதே தனக்கு எவ்வாறு ஒப்பாரி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவான். முஅல்லகாக் கவிஞருள் ஒருவனாகிய தரஃபா, தான் இறந்தால் தன் தகுதிக்கேற்பத் தன் சாவை அறிவித்து, மார்புச் சட்டையைக் கிழித்துக்கொள்ளுமாறு தன் உறவுப் பெண்ணுக்குக் கவிதையிலேயே கட்டளையிட்டான். அதே முஅல்லகாக் கவிஞர் வரிசையில் வந்து, பின்னர் இஸ்லாத்தைத் தழுவிய லபீத் (ரலி) அவர்களோ, முகத்தைக் கீறவும் வேண்டாம், முடியை மழிக்கவும் வேண்டாம், ஓராண்டு அழுதால் போதும் என்று தம் இரு பெண்மக்களுக்குக் கூறியதாக அவர் கவிதை சொல்கிறது. அவர் வேண்டாம் என்றவற்றைக் கொண்டே வழக்கத்தில் இருந்தவை எவை என்று நாம் அறியலாம். முகத்தைக் கீறிக் குருதி வடியச் செய்தல், கூந்தலை மழித்தல், ஆடையைக் கிழித்தல், தலையில் புழுதி வாரிக் கொட்டுதல் ஆகிய யாவும் முறைப்படி நடந்தன. கூலிக்கு வந்து ஓலமிடும் பெண்டிரும் இருந்தனர். பிள்ளையைப் பறிகொடுத்தவளின் ஓலமும் கூலிக்காரியின் ஓலமும் ஒன்றாகா என்று அரபியில் ஒரு பழமொழியே உண்டு.

இக்காலத்து இரங்கற் கவிதையின் முடி எனத்தக்கவர் ஸுலைம் குலத்துப் பெண்மணியாகிய கன்ஸா. இயற்பெயர் துமாளிர். முஆவியா, ஸக்ர் என்னும் இரு உடன்பிறந்தாரைப் பூசல்களில் இழந்து, குறிப்பாக ஸக்ரைக் குறித்து ஆண்டாண்டுகளாகப் பாடியவர். உக்காள் சந்தையில் அவரும், பத்ருப் போரில் தந்தையை இழந்த ஹிந்தும் ஒட்டகங்களை அருகருகே நிறுத்தி, யார் துயரம் பெரிது என்று வழக்காடியதாகக் 'கிதாபுல் அகானி' கூறும். துயரத்தில்கூடப் போட்டி! இதை வாசிக்கும் நாம் நகைத்துவிடக் கூடாது. குலத்தின் மானம் மாண்டவனின் பெயரில் தங்கியிருந்த காலம் அது. ஓலம் ஓங்க ஓங்கப் பழிவாங்கும் வெறியும் ஓங்கும். ஒரு பிணத்தைச் சுற்றி எழும் நியாஹா அடுத்த பிணத்துக்கு வழி செய்துவிடும்.

இவ்வழக்கத்தோடு தொடர்புடைய மற்றொரு சொல்லைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. 'இஸ்ஆத்' என்பது அது. துணை செய்தல் என்பது நேர்ப்பொருள். வழக்கில், ஒருத்தி வீட்டு இழவுக்கு மற்றொருத்தி வந்து ஓலத்தில் கைகொடுப்பதை அது குறிக்கும். கைகொடுத்தவள் வீட்டில் இழவு நேர்ந்தால் இவள் போய் அந்தக் கடனை அடைக்க வேண்டும். நம் பக்கத்தில் திருமண வீட்டு மொய் எப்படியோ அப்படி. குறிப்பேடு ஒன்றுதான் இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெண்களிடம் பைஅத் வாங்கியபோது நியாஹா செய்வதில்லை என்பதையும் அதில் ஓர் உறுதியாகச் சேர்த்தார்கள். உம்மு அதிய்யா (ரலி) அவர்களின் அறிவிப்பில், ஒரு பெண் கையை இழுத்துக்கொண்டு, இன்னாள் எனக்கு இஸ்ஆத் செய்திருக்கிறாள், அதைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்று கூறியது பதிவாகியிருக்கிறது. அவளை நாயகம் (ஸல்) அவர்கள் கடியவில்லை. அவள் போய்த் தன் கடனைக் கழித்துவிட்டு வந்து பைஅத் செய்தாள். இஸ்லாத்தில் இஸ்ஆத் இல்லை என்று பெருமானார் அறிவித்ததை அனஸ் (ரலி) அவர்கள் வழியாக நஸாயீ பதிவு செய்துள்ளார். அந்த உறுதிமொழியை முழுமையாகக் காத்தவர்கள் எங்களுள் ஐந்து பெண்களே என்று உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஒளிவின்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சமுதாயத்தின் நாடி நரம்புகளில் ஊறிய வழக்கம் ஒரு நாளில் போய்விடாது என்பதை அந்த ஐந்து என்னும் எண் உணர்த்துகிறது.

விலக்கு படிப்படியாகவே வந்தது. ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு (கி.பி. 625) உஹதுப் போர் முடிந்து நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா திரும்பியபோது, அன்ஸாரிகளின் வீடுகளில் மாண்டோருக்காக எழுந்த அழுகைக் குரல் செவியில் விழுந்தது. மக்காவிலிருந்து வந்த ஹம்ஸா (ரலி) அவர்களுக்கோ அந்த ஊரில் அழுவார் இல்லை. அதைச் சொல்லி அண்ணலார் வருந்தினார்கள். செய்தி கேட்ட அன்ஸாரிப் பெண்கள் ஹம்ஸாவுக்காக அழ வந்துவிட்டனர். சற்றுக் கண்ணயர்ந்து விழித்த நாயகம் (ஸல்) அவர்கள் இன்னும் அவர்கள் அழுதுகொண்டிருப்பதைக் கேட்டு, வீடு திரும்பச் சொல்லி, இனி மாண்டவருக்காக இவ்வாறு அழ வேண்டாம் என்று பணித்தார்கள். நியாஹா அன்றுதான் தடுக்கப்பட்டது என்று இப்னு ஹிஷாம் எழுதுகிறார். தம் சிறிய தந்தைக்கு அழுவார் இல்லையே என்று வருந்திய உள்ளமும், அந்த வருத்தத்தை ஊரார் சடங்காக்கிவிடாதபடி தடுத்த வாக்கும் ஒரே இரவில் வெளிப்பட்டதை நாம் கருத வேண்டும்.

ஐந்தாண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 8-இல் (கி.பி. 629) மூத்தா போர்க்களத்தில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் வீழ்ந்த செய்தி வந்தது. பெருமானார் துயரம் முகத்தில் தெரிய அமர்ந்திருந்தார்கள். கதவிடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அந்நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள். ஒருவர் வந்து ஜஅஃபர் வீட்டுப் பெண்கள் அழுகிறார்கள் என்றார். தடுத்து வா என்றார்கள். போனார், கேட்கவில்லை என்று திரும்பி வந்தார். மீண்டும் போனார், மீண்டும் வந்தார். மூன்றாம் முறையும் வந்தபோது, அவர்கள் வாயில் மண்ணைப் போடு என்று சொல்லப்பட்டது. நம் நாட்டில் இந்த இறுதி வாக்கியத்தை மட்டும் எடுத்துச் சொல்வோர் பலர். ஆயிஷா (ரலி) அவர்கள் அந்த மனிதரை நினைத்துச் சொன்னதை அவர்கள் சொல்வதில்லை. உன் மூக்கு மண்ணில் படட்டும், ஏவியதைச் செய்து முடிக்கவும் உன்னால் ஆகவில்லை, அல்லாஹ்வின் தூதரைத் துன்புறுத்தாமல் விடவும் மாட்டேன் என்கிறாய் என்னும் கருத்தில் அன்னையார் கடிந்துகொண்டார்கள். இழவு வீட்டுக்கும் தலைவர் வீட்டுக்கும் மாறி மாறி நடந்து கோள் சொல்லும் ஆர்வக்காரரை அன்னையார் எப்படி மதிப்பிட்டார்கள் என்பதற்கு இது சான்று. ஜஅஃபரின் குடும்பத்துக்கு உணவு சமைத்து அனுப்புங்கள், அவர்களுக்கு அதைச் செய்ய முடியாத நிலை வந்திருக்கிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததும் அந்நாள்களில்தான். மூன்று நாள் துக்கத்துக்கு விட்டு, பின்னரே அக்குடும்பத்தாரிடம் சென்று, இனி என் சகோதரருக்காக அழ வேண்டாம் என்றார்கள். மவுத்தான வீட்டுக்கு உறவினரும் அண்டை வீட்டாரும் சோறு கொண்டுபோகும் நம் வழக்கத்துக்கு மூலம் இங்கே இருக்கிறது.

ஆனால் சொல்லின் எல்லையை ஐயத்துக்கு இடமின்றி வரைந்து காட்டிய நிகழ்ச்சி, நாயகம் (ஸல்) அவர்களின் இளமகனார் இப்ராஹீம் அவர்களின் மறைவாகும். மாரியா (ரலி) அவர்கள் ஈன்ற அக்குழந்தை, அபூ ஸைஃப் என்னும் கொல்லரின் வீட்டில் பால்குடித்து வளர்ந்துவந்தது. உலையின் புகை நிறைந்த வீடு அது. ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில், இரண்டு வயதும் நிரம்பாத அக்குழந்தை இறுதி மூச்சு விடும் தறுவாயில் பெருமானார் அதைக் கையில் ஏந்தினார்கள். கண்கள் நீர் சொரிந்தன. அருகிலிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் திகைத்து, தாங்களுமா என்று கேட்டார்கள். திர்மிதியில் வரும் அறிவிப்பில், அழக்கூடாது என்று தாங்கள் தடுக்கவில்லையா என்றே அவர்கள் வினவியதாக இருக்கிறது.

இவ்வினாவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நாயகத்தின் வாயிலிருந்து நேரே கேட்ட மூத்த தோழர் ஒருவருக்கே, நியாஹாவுக்கு வந்த தடை புகாவுக்கும் உரியதோ என்ற மயக்கம் நேர்ந்திருக்கிறது. பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், வேறொரு மொழியில் அதே மயக்கம் நமக்கு நேர்ந்ததில் வியப்பில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்த விடை நமக்கும் கிடைத்திருக்கிறது. நான் அழுகையைத் தடுக்கவில்லை, துன்பம் நேரும்போது முகத்தைக் கீறிச் சட்டையைக் கிழித்து எழுப்பும் அந்தக் குரலையே தடுத்தேன் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் மறுமொழி தந்தார்கள். இந்தக் கண்ணீர் இரக்கம் என்றார்கள். கண் நீர் சிந்தும், உள்ளம் வருந்தும், நாவோ இறைவன் பொருந்துவதை அன்றிப் பேசாது என்பது அவர்கள் அன்று வகுத்த வரம்பு. ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோதும் அவ்வாறே. கூடியிருந்தோர் யாவரும் அழ, தாமும் அழுத நாயகம் (ஸல்) அவர்கள், கண்ணீருக்கும் மனத்துயருக்கும் அல்லாஹ் தண்டிப்பதில்லை, தண்டிப்பதும் இரங்குவதும் இதனாலேயே என்று தம் நாவைச் சுட்டிக் காட்டினார்கள்.

இப்ராஹீம் மறைந்த அன்று கதிரவனுக்குக் கிரகணம் பிடித்தது. வானநூலார் கணக்குப்படி அது கி.பி. 632 ஜனவரி 27-ஆம் நாள். நபிமகன் மறைவுக்காகச் சூரியனும் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். மாவீரன் மாண்டால் வானமும் வையமும் இருள்வதாகப் பாடுவது ஒப்பாரிக் கவிகளின் பழைய மரபு. அந்த மரபு தம் வீட்டு வாயிலுக்கு வந்து தம் மகனுக்கே மாலை சூட்டியபோது, துயரத்தின் நடுவிலும் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து, எவர் இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரிய சந்திரருக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்தார்கள்.

இனி, நாம் தொடக்கத்தில் குறித்த அந்த அச்சத்துக்கு வருவோம். குடும்பத்தாரின் அழுகையால் மய்யித்து வேதனை செய்யப்படுகிறது என்னும் கருத்துள்ள நபிமொழியை உமர் (ரலி) அவர்களும் அவர்கள் மகனார் இப்னு உமர் (ரலி) அவர்களும் அறிவித்திருப்பது உண்மை. ஹிஜ்ரி 23-இல் (கி.பி. 644) உமர் (ரலி) அவர்கள் குத்துண்டு கிடந்தபோது, ஸுஹைப் (ரலி) அவர்கள் ஓடிவந்து அரற்றினார்கள். அந்நிலையிலும் உமர் (ரலி) அவர்கள் இந்நபிமொழியைச் சொல்லித் தடுத்தார்கள். பின்னர் மக்காவில் உஸ்மான் (ரலி) அவர்களின் மகளார் இறந்தபோது, இப்னு உமர் (ரலி) அவர்கள் அதே நபிமொழியை எடுத்துச் சொன்னார்கள். உடனிருந்த இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், உமர் (ரலி) அவர்கள் மறைந்தபின் இதைத் தாம் ஆயிஷா (ரலி) அவர்களிடம் கூறியதையும் அன்னையார் தந்த விளக்கத்தையும் எடுத்துரைத்தார்கள். நம்பிக்கையாளரை அவர் குடும்பத்தாரின் அழுகைக்காக அல்லாஹ் வேதனை செய்வான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறவில்லை என்று அன்னையார் ஆணையிட்டுச் சொன்னார்கள். ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்னும் திருமறைக் கருத்தே உங்களுக்குப் போதும் என்றும் சொன்னார்கள். மற்றோர் அறிவிப்பில், இப்னு உமர் பொய்யுரைக்கவில்லை, மறந்திருப்பார் அல்லது தவறிக் கேட்டிருப்பார் என்று மரியாதை குன்றாமல் மறுத்திருக்கிறார்கள். சிரிக்க வைப்பவனும் அழ வைப்பவனும் அவனே என்னும் திருமறைக் கருத்தை (53:43) இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் நினைவூட்டினார்கள். அதன்பின் இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒன்றும் பேசவில்லை என்று அறிவிப்பு முடிகிறது.

இவ்விரு கருத்துகளையும் இமாம்கள் எவ்வாறு இணைத்தனர்? இங்கேதான் சொல்லாராய்ச்சி பயன் தருகிறது. இந்நபிமொழியின் சில அறிவிப்புகளில் 'புகா' என்னும் சொல் இருக்கிறது. சிலவற்றில் நியாஹாவின் வினைச்சொல் இருக்கிறது. பின்னதே முன்னதற்கு விளக்கம் என்று கொண்டவர் பலர். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 256, கி.பி. 870) தம் நூலில் அமைத்த தலைப்பிலேயே 'சில வகை அழுகையால்' என்று ஒரு சொல்லைக் கூட்டி, ஓலமிடுதல் இறந்தவரின் வழக்கமாயிருந்தால் என்று ஒரு நிபந்தனையும் சேர்த்துவிட்டார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 676, கி.பி. 1277) ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில், தனக்காக ஓலமிடுமாறு சொல்லிவிட்டு இறந்தவனையே இது குறிக்கும் என்பதுதான் பெரும்பான்மை அறிஞர் கருத்து என்றும், அழுகை என்று இங்குச் சொல்லப்பட்டது குரலெடுத்து ஓலமிடும் அழுகையே, வெறும் கண்ணீர் அன்று என்றும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அரபியரின் அந்தப் பழக்கத்துக்குச் சான்றாக அவர்கள் காட்டுவது, மேலே நாம் சொன்ன தரஃபாவின் கவிதையைத்தான்! அவன் சொல்லிவிட்டுப் போனதற்கு அவன் பொறுப்பாளி. நம் ஊர்த் தாயின் மகன் அப்படி எதையும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

நியாஹாவின் இலக்கணத்தை நவவி (ரஹ்) அவர்கள் 'அல்அத்கார்' நூலில் சுருங்கச் சொல்கிறார்கள். 'நத்பு' செய்து குரலை உயர்த்துவது நியாஹா. இறந்தவரின் சிறப்புகளை ஒவ்வொன்றாய் எடுத்தெண்ணி ஓலமிடுவது நத்பு. மதரஸாவில் நஹ்வு படித்தவர்கள் இந்த நத்பின் கிளையாகிய 'நுத்பா'வை மறந்திருக்க மாட்டார்கள். பெயருக்கு முன் 'வா' என்றும் பின் 'ஆஹ்' என்றும் கூட்டி, மாண்டவரை விளித்து அரற்றும் முறைக்கு அரபு இலக்கணத்தார் தனிப் பெயரும் தனி இயலும் வகுத்திருக்கின்றனர். ஸீபவைஹியின் நூலிலேயே அது உண்டு. தமிழில் நன்னூலாரும் விளி வேற்றுமை கூறுமிடத்து, புலம்பும்போது பெயர் ஓகாரம் ஏற்கும் என்று விதி செய்திருக்கிறார். துயரக் குரலுக்கு இலக்கணம் வகுத்த மொழிகள் இவை இரண்டும்.

இந்த நுத்பா வடிவத்தைச் சொன்னாலே நியாஹா ஆகிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. ஹிஜ்ரி 11-இல் (கி.பி. 632) நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபோது, ஃபாத்திமா (ரலி) அவர்கள் தந்தையை அவ்வடிவத்திலேயே விளித்து வருந்தினார்கள் என்று புகாரி பதிவு செய்கிறது. அபூபக்கர் (ரலி) அவர்கள் உள்ளே வந்து, முத்தமிட்டு, நபியே, தோழரே என்னும் பொருளில் அதே நுத்பாவால் விளித்ததாக அஹ்மதின் அறிவிப்பு சொல்கிறது. இவர்களை எவர்தாம் குறை கூறுவார்?

இவ்வளவையும் எழுதுவது நியாஹாவின் விலக்கைத் தளர்த்துவதற்காக அன்று. அது கடுமையானது. அபூ மூஸா (ரலி) அவர்கள் நோயின் கடுமையால் மயங்கிக் கிடந்தபோது வீட்டுப் பெண் ஒருத்தி அலறினாள். கண் விழித்ததும், ஓலமிடுபவள், தலையை மழிப்பவள், ஆடையைக் கிழிப்பவள் ஆகிய மூவரிடமிருந்தும் நாயகம் (ஸல்) அவர்கள் விலகியவர்கள் என்றும், அவ்வாறே தாமும் விலகியவர் என்றும் கூறினார்கள். 'ஸாலிகா, ஹாலிகா, ஷாக்கா' என்னும் அம்மூன்று சொற்களும் மூன்று செயல்களுக்குப் பெயர். அவற்றுள் கண்ணீரின் பெயர் இல்லை. ஜாஹிலிய்யாவின் எச்சமாக என் சமுதாயம் விடாமல் வைத்திருக்கும் நான்கு என்று நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டியவற்றுள்ளும் நியாஹா நான்காவதாக வருகிறது. முதல் மூன்று: குலப்பெருமை பேசுதல், பிறர் வமிசத்தைப் பழித்தல், விண்மீன்களால் மழை வேண்டுதல். மேடைகளில் நான்காவதைப் பற்றி நாம் கேட்கும் அளவுக்கு முதல் இரண்டைப் பற்றிக் கேட்பதில்லை. நான்காவது பெண்களைக் குறித்தது, முதல் இரண்டும் மேடையில் இருப்போரையும் குறிக்கும் என்பது காரணமாக இருக்கலாம்.

பிற்காலத்தும் இவ்வழக்கம் முற்றாக ஒழிந்துவிடவில்லை. பண்டை எகிப்தின் கல்லறைச் சுவர்களில் கைகளை உயர்த்தி ஓலமிடும் பெண்கள் தீட்டப்பட்டிருக்கின்றனர். அதே நாட்டில் தம்பூர் போன்ற பறையுடன் கூலிக்கு வந்து அரற்றும் 'நத்தாபா'க்களை, 1836-இல் வெளிவந்த தம் நூலில் ஆங்கில அறிஞர் லேன் விவரித்திருக்கிறார். நத்பு என்னும் வேர் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு தொழிலின் பெயராகவே நின்றது.

எனவே நம் எழுத்தாளர்களும் உரையாளர்களும் நியாஹாவை 'ஒப்பாரி' என்றோ, 'கூடி ஓலமிடுதல்' என்றோ பெயர்ப்பதே பொருத்தம். 'அழுகை' என்று பெயர்ப்பதைக் கைவிட வேண்டும். யஅகூப் நபி (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தால் கண்கள் வெளிறிப் போகும் அளவு வருந்தியதைத் திருமறையே சொல்கிறது (12:84). அழகிய பொறுமை என்று தம் நிலைக்குப் பெயரிட்டவர்களும் அவர்களே. பொறுமையும் கண்ணீரும் ஒரே உள்ளத்தில் இருக்க முடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று தேட வேண்டியதில்லை.

உமர் (ரலி) அவர்களின் கண்டிப்பை மேலே கண்டோம். அபூபக்கர் (ரலி) அவர்கள் மறைந்தபோது ஓலமிட்ட அவர்களின் சகோதரியையே வெளியேற்றியவர்கள் அவர்கள். அத்தகையவரின் நெஞ்சிலும் ஆறாத புண் ஒன்று இருந்தது. யமாமாப் போரில் வீரமரணம் எய்திய சகோதரர் ஸைத் (ரலி) அவர்களை நினைத்து, கீழைக்காற்று வீசும்போதெல்லாம் ஸைதின் மணம் எனக்கு வருகிறது என்பார்களாம். கொல்லப்பட்ட தன் சகோதரன் மாலிக்குக்காக இரங்கற்பா பாடிப் புகழ்பெற்ற முதம்மிமைக் கண்டு, உம்மைப் போல் எனக்கும் கவி வருமானால் ஸைதுக்காகப் பாடியிருப்பேனே என்று ஏங்கினார்கள். உங்கள் சகோதரர் மாண்டதுபோல் என் சகோதரன் மாண்டிருந்தால் நான் பாடியிருக்கவே மாட்டேன் என்று முதம்மிம் விடையளித்தார். என்னை இவரைப் போல் தேற்றியவர் எவருமில்லை என்றார்கள் உமர் (ரலி).

ஹிஜ்ரி 21-இல் (கி.பி. 642) காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் மறைந்த செய்தி மதீனாவுக்கு வந்தபோது, முகீரா குடும்பத்துப் பெண்கள் ஒன்றுகூடி அழத் தொடங்கினர். ஆளனுப்பித் தடுத்துவிடுங்கள் என்று உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் சொன்னார். அபூ ஸுலைமானுக்காக அவர்கள் கண்ணீர் சிந்தட்டும், விட்டுவிடுங்கள், 'நக்உ'வும் 'லக்லகா'வும் இல்லாதவரை என்பது கலீபாவின் விடை. புகாரி (ரஹ்) அவர்கள் இதை நியாஹா பற்றிய தலைப்பின் கீழேயே எழுதி, நக்உ என்றால் தலையில் மண் அள்ளிப் போடுதல், லக்லகா என்றால் குரல் எழுப்புதல் என்று அவ்விரு சொற்களுக்கும் பொருளையும் அவ்விடத்திலேயே குறித்து வைத்திருக்கிறார்கள்.